பாய் கொண்டுவந்த தோல்

எங்கள் ஊர் மெக்கானிக்குகள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். அதற்கு எழுதித் தரச் சொல்லி இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். "பழைய வண்டிக்கு மவுண்டிங் மாத்தறதுல உங்கள வுட்டா ஆள் கெடையாது சகாயண்ணே. இப்ப பழைய கார வாங்கி ஜோடிக்கிறது ஃபேஷனாயிடுச்சி. நாலு பேருக்கு உதவும். கொஞ்சம் ஜாலியா எழுதுங்க" என்றார்கள். ஜாலியாக எழுத என்னிடம் ஒன்றும் இல்லை, வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். காபியைக் குடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். சரி, எழுதுகிறேன். படித்துவிட்டு என்மேல் வருத்தப்படாதீர்கள்.

தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. காரின் இன்ஜின் நேராக இரும்புச் சட்டத்தின் மேல் உட்காருவதில்லை. நடுவில் கெட்டியான ரப்பர் கட்டைகள் இருக்கும். அம்பாசடரில் முன்பக்கம் இடமும் வலமுமாக, பின்னால் கியர் பாக்ஸுக்கு அடியில். அதைத்தான் மவுண்டிங் என்கிறோம். இன்ஜின் போடுகிற ஆட்டத்தையெல்லாம் அந்த ரப்பர் வாங்கிக்கொள்ளும். ரப்பர் செத்துவிட்டால் ஆட்டம் முழுக்க உள்ளே இருக்கிறவன் எலும்புக்கு வந்து சேரும். இவ்வளவுதான் விஷயம். இதிலேயே என் ஆயுசு கழிந்தது.

நான் தொழில் பழகியது கரீம் பாயிடம். ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்தார். என் அப்பா ஆஸ்பத்திரியில் வார்டு பாய். என்னைக் கம்பவுண்டராக்க ஆசைப்பட்டார். நான் பத்தாவதில் கோட்டை விட்டேன். அப்பா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பாயிடம் விட்டார். "இதுவும் ஒரு ஆஸ்பத்திரிதான், விட்டுட்டுப் போங்க" என்றார் பாய். அப்புறம் கொஞ்ச வருஷம் டீசலில் கை கழுவினேன், கிரீஸில் படுத்தேன். அதையெல்லாம் எழுதினால் எல்லா மெக்கானிக்குக்கும் ஒரே கதைதான்.

பாயின் குணம்தான் தனி. திட்ட மாட்டார். கை நீட்ட மாட்டார். வேலை பிடிக்கவில்லை என்றால் பேசாமல் வண்டிக்கு அடியில் போவார். நாம் இறுக்கிய நட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். வெளியே வந்து ஸ்பேனரை நம் கையில் வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போய்விடுவார். அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று இருக்கும். என்ன தப்பு என்றும் சொல்ல மாட்டார். நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

மவுண்டிங் மாற்றுவதில் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. புது ரப்பரை வைத்ததும் ஒரே மூச்சில் இறுக்கிவிடுவார்கள். பாய் விட மாட்டார். இன்ஜினின் ஆயில் தொட்டியான சம்ப்புக்கு அடியில் பலகை கொடுத்து ஜாக்கி வைத்து இன்ஜினைக் கொஞ்சமாகத் தூக்கு. பழைய ரப்பரைக் கழற்று. பிராக்கெட்டைச் சுரண்டித் துடை. புதுசை வைத்து போல்ட்டைக் கையால் மட்டும் திருகு. சைலன்சர் பைப் கிளாம்பையும் தளர்த்திவிடு, இல்லையென்றால் பைப் வழியாக ஆட்டம் உள்ளே வரும். ஜாக்கியை இறக்கு. இப்போது வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டு, முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் நகர்த்து. இன்ஜின் தனக்கு வேண்டிய இடத்தில் தானே உட்காரும். அப்புறம்தான் ஸ்பேனர். "நீ உக்கார வெச்சா அது உக்காராதுடா. விட்டுப் புடி" என்பார்.

வாணியம்பாடி தோல் மண்டிக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு வண்டி வேண்டும் என்று வாசலில் குதித்துக்கொண்டிருந்தார். பாய் அவரை உட்கார வைத்துவிட்டு வண்டியை முன்னும் பின்னும் நகர்த்தச் சொன்னார். "யோவ், அங்க மாப்பிள்ளை வந்துட்டான்யா!" என்று மண்டிக்காரர் கத்தினார். "மாப்பிள்ளை எங்கியும் போவ மாட்டான் சேட்டு, சோறு போடற எடத்துல இருப்பான்" என்றார் பாய். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போல்ட்டை இறுக்கி முடிக்கும்வரை பாய் அந்த மனிதரை அசையவிடவில்லை.

பாயிடம் இன்னொரு வேலை இருந்தது. அது எங்கள் பக்கத்தில் மட்டும் உண்டு. சுற்றிலும் தோல் பதனிடுகிற ஷெட் இருக்கிற ஊர். செருப்பு அடிக்குப் போடுகிற கெட்டித் தோல், ஆவாரம் பட்டையில் ஊறிப் பதமானது, துண்டு துண்டாகக் கிடைக்கும். அதில் வட்டமாக வெட்டி, மவுண்டிங்குக்கும் சேசிஸ் சட்டத்துக்கும் நடுவில் ஒரு தோல் வாசர் கொடுப்பார். ரப்பர் பெரிய ஆட்டத்தை வாங்கும், அந்தப் பொடி நடுக்கம் இருக்கிறதே, ஸ்டியரிங்கில் கையை அரிக்கிற மாதிரி வருமே, அதைத் தோல் வாங்கும். எண்ணெய் பட்டாலும் ஒன்றும் ஆகாது. திருப்பத்தூரிலிருந்தெல்லாம் அந்தத் தோலுக்காக வண்டி வரும். துண்டை எடுத்துக் கட்டை விரலால் ஒரு தேய்ப்பு தேய்ப்பார். ஆகும், ஆகாது என்று சொல்லிவிடுவார். அந்தக் கட்டை விரல் தப்பு சொல்லி நான் பார்த்ததில்லை.

காலம் போயிற்று. புது வண்டிகள் வந்தன, பாய் கொட்டகையை மூடினார். நான் வேறொரு ஷெட்டில் இருந்து முட்டி தேய்ந்து ஓய்வு பெற்றேன். பாய்க்குச் சர்க்கரை ஜாஸ்தியாகி கையும் காலும் மரத்துவிட்டன. டீ டம்ளர் சுடுகிறதா என்று உதட்டில் வைத்துத்தான் பார்ப்பார். கண்ணில் புரை. காது மந்தம். மகன் வெளிநாட்டில், வீட்டில் ஒத்தாசைக்கு மருமகள் மட்டும். வாசலில் தார்ப்பாய் போட்டு மூடிய அவருடைய சொந்த அம்பாசடர். ஊர் வண்டியெல்லாம் பார்த்த மனிதர் தன் வண்டியைப் பார்த்ததே இல்லை.

போன வருஷம் ஒரு நாள் போன் செய்தார். "பாபிக்கு ஒடம்பு சரியில்ல. வா."

பாபி என்று நான் சொல்வது அவர் மனைவியை. ஷெட்டில் இருந்த நாளெல்லாம் பாபி கொடுத்தனுப்பிய சோறுதான் எனக்கு மத்தியானத்துக்கு. வாய் மட்டும் சும்மா இருக்காது. "உங்க பாய் என்னத் தொட்டதவிட இன்ஜினத் தொட்டதுதான் ஜாஸ்தி" என்று அவர் எதிரிலேயே சொல்லுவார். பாய் காது கேட்காத மாதிரி இருந்துகொள்வார். அப்போது காது நன்றாகவே கேட்டது.

போய்ப் பார்த்தேன். பாபி கட்டிலில் பாதியாக இருந்தார். முதுகெலும்பில் புற்று, இடுப்பு வரை இறங்கிவிட்டது. வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் கரண்ட், அதாவது ரேடியேஷன், வைக்கச் சொல்லியிருந்தார்கள். குணமாகாது, ஆனால் வலி கம்மியாகும், எலும்பு உடையாமல் இருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். தினமும் போய் வர வேண்டும். அங்கேயே தங்கலாமே என்றேன். வீட்டை விட்டு ஒரு ராத்திரிகூட இருக்க மாட்டேன் என்று பாபி பிடிவாதம். முதல் நாள் வாடகைக் காரில் போனார்கள். கதவு தாழ்வு, குனிந்து உள்ளே நுழைவதற்குள் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறினாராம். ஆம்புலன்ஸைப் பார்த்ததும் "மையத்து மாதிரி, பொணம் மாதிரி படுத்துக்கினு போவ மாட்டேன்" என்று கையை உதறிவிட்டார்.

"நம்ம வண்டி பின் சீட்டு கட்டிலு மாதிரி இருக்கும். அதுல படுத்துக்கினு போவட்டும். நீ ரெடி பண்ணு, நீயே ஓட்டு" என்றார் பாய்.

பேட்டரி மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி ஸ்டார்ட் செய்தேன். வண்டி கிளம்பியது. கூடவே கதவு, கண்ணாடி, சீட்டு எல்லாம் உதறியது. மவுண்டிங் கல்லாகி வெடித்திருந்தது. இதில் எலும்பில் நோய் வந்த ஒரு பெண்ணைப் படுக்கப் போட்டு வேலூர் வரை கொண்டுபோவது பாவம். ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் அலைந்தேன். கிடைத்ததெல்லாம் டூப்ளிகேட். நகத்தால் அழுத்தினால் நகம்தான் உடையும். மெட்ராஸில் ஒருவர் பழைய ஒரிஜினல் சரக்கு வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு போன் செய்தேன். கோடவுனில் தேடி அனுப்புகிறேன், நாளாகும் என்றார். கரண்டு வைக்கிறதை நாள் தள்ள முடியாது. இருப்பதைப் போடு என்றார் பாய். "கீழ நம்ம தோலு குடுத்துட்டா மெத்துனு ஆயிடும்."

மறுநாள் போனபோது ஒரு துண்டு தயாராக இருந்தது. வாணியம்பாடியில் சொந்தக்காரர் ஒருவரின் ஷெட்டுக்குத் தானே ஆட்டோ பிடித்துப் போய் எடுத்துவந்திருக்கிறார். கெட்டியாக, செம்பழுப்பாக, பார்க்கப் பழைய தோல் மாதிரியே இருந்தது. கத்தியை வைத்து வெட்டினேன். வெட்டு வாயில் நடுவே நீலம்.

"பாய், இது குரோம் தோலு" என்றேன்.

ஆவாரம் பட்டையில் போட்ட தோல் நடுவிலும் பழுப்பாகவே இருக்கும். குரோம் மருந்தில் போட்ட தோல் உள்ளே நீலம் பூத்திருக்கும், மேலே சாயம் பூசினால் தெரியாது. ஷூவுக்கு மேல் தோலாகப் போட லாயக்கு. இன்ஜினுக்கு அடியில் வைத்தால் எண்ணெயைக் குடிக்கும், தண்ணீரைக் குடிக்கும், நசுங்கிப் பிதுங்கும்.

பாய் துண்டை வாங்கிக் கட்டை விரலால் தேய்த்தார். மறுபடி தேய்த்தார். அந்த விரலுக்கு ஒன்றும் தெரியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"நல்ல தோலுதான். போடு."

"இல்ல பாய். வெட்டு வாயப் பாருங்க, நீலம் தெரியுது."

"இன்னாடா நீலம்? எனக்கு நீ சொல்லித் தர்றியா? தோல நான் தொட்டுப் பாத்துட்டேன், போடு!" முதல் தடவையாக என்னிடம் சத்தம் போட்டார். எனக்கும் சுர்ரென்று வந்தது. "பாபி படுத்துக்கினு போற வண்டி இது. உங்க வீம்புக்கெல்லாம் போட முடியாது" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் அப்படியே விழுந்துவிட்டது. எழுந்து குழாயடிக்குப் போய் வெறுமனே கை கழுவிக்கொண்டு நின்றார்.

உள்ளே கட்டிலிலிருந்து பாபி கூப்பிட்டார். ஜன்னல் திறந்திருந்தது. எல்லாம் கேட்டிருக்கிறது.

"சகாயம், அவர் சொல்றத போட்டுடு."

"அது நிக்காது பாபி. உங்களுக்குத்தான் கஷ்டம்."

"எனக்கு எதப் போட்டாலும் வலிக்கத்தான் போவுது. நோவு வந்த நாள்லருந்து அந்த மனுஷன் கட்டில் பக்கத்துல கைய பெசஞ்சிக்கினு நிக்கறாரு. சோறு ஊட்டத் தெரியாது, மாத்திரை பேர் படிக்கத் தெரியாது. நேத்து அந்தத் தோலு கெடச்சி வந்தப்போ அவர் மூஞ்சப் பாத்திருக்கணும் நீ. போட்டுடுப்பா. எனக்காகப் போடு."

போட்டேன். வேறு என்ன செய்வேன்? அவர் சொன்ன முறை எதையும் விடவில்லை. பலகை கொடுத்துத் தூக்கி, பிராக்கெட்டைச் சுரண்டி, தோலுக்கு மேல் ரப்பரை வைத்து, கையால் திருகி, கிளாம்பைத் தளர்த்தி, ஓடவிட்டு உட்கார வைத்து, கடைசியில் இறுக்கினேன். பாய் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரியாததா? சொல்லட்டும் என்று விட்டேன். வாசலில் நின்று ஓடியபோது ஆட்டம் நிஜமாகவே குறைந்திருந்தது. பாய் ஜன்னலைப் பார்த்து, "கேக்குதா? சத்தமே இல்ல பாரு!" என்று கத்தினார்.

முதல் நாள் பரவாயில்லை. இரண்டாம் நாளிலிருந்து தோல் நசுங்க ஆரம்பித்தது. நான் தினமும் கிளம்பும் முன் அடியில் போய் இறுக்குவேன், வேலூர் போய்ச் சேர்வதற்குள் நட்டு தளர்ந்திருக்கும். பாய் முன் சீட்டில் என் பக்கத்தில். பாபி பின்னால் முழங்காலை மடக்கிப் படுத்திருப்பார். கண்ணாடியில் எனக்கு அவர் முகம் தெரியும். துப்பட்டா நுனியைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருப்பார். கண்ணோரம் ஒழுகிக்கொண்டே இருக்கும். மாதனூர் வந்ததும் பாய் திரும்பாமலே கேட்பார், "எப்டி இருக்கு?" பாபி துப்பட்டாவை எடுத்துவிட்டு, "தூங்கிட்டு வர்றேன். எழுப்பாத" என்பார். பாய் என் தொடையில் ஒரு தட்டு தட்டுவார். பார்த்தியா என்கிற மாதிரி. எனக்கு ரோடு மங்கும்.

ஆஸ்பத்திரியில் பாய் டோக்கன் போடப் போன நேரம் பார்த்து, "பாபி, அவருக்குத் தெரியாம இன்னிக்கே கழட்டிடறேன்" என்றேன். "தெரிஞ்சிடும். வீட்ல இருக்கற நேரமெல்லாம் வண்டி பக்கத்துலயே டார்ச் அடிச்சிப் பாத்துக்கினு உக்காந்திருக்காரு. வுடு சகாயம், இன்னும் கொஞ்ச நாள்தான், கரண்டு முடிஞ்சிடும்" என்றார். "பாபி, சத்தியமா சொல்றேன், உங்க வலி பாய்க்கு வெளயாட்டாப் போச்சி" என்று ஏதோ உளறினேன். அவர் சிரித்தார். அந்த வலியிலும் சிரித்தார்.

மெட்ராஸ்காரருக்குத் தினமும் போன் போட்டேன். "வந்துடும் சார், பார்சல் போட்டாச்சு" என்பார்.

ஒரு நாள் கரண்டு வைத்துத் திரும்பும்போது வேலூரில் பேய் மழை. ரயில்வே பாலத்தடியில் தண்ணீர் தேங்கி நின்றது. சுற்றிப் போகலாம் என்றால் அந்தப் பக்கமும் அடைப்பு. மெதுவாக இறக்கி ஏற்றிவிட்டேன். வெளியே வந்ததும் ஓரம் கட்டி, சேற்றில் படுத்து நட்டுகளை இறுக்கினேன். வலது பக்கம் எவ்வளவு திருகினாலும் பிடி கிடைக்கவில்லை. தோல் தண்ணீர் குடித்துவிட்டது. சைக்கிள் போகிற வேகத்தில்தான் ஓட்டினேன். பள்ளிகொண்டா தாண்டி சர்வீஸ் ரோட்டில் ஒரு பைக்காரன் குறுக்கே வந்தான். பிரேக்கை மிதித்தேன். பெரிய பிரேக்குகூட இல்லை. உள்ளே இன்ஜின் மொத்தமாக முன்னால் பாய்ந்து ஃபேன் ரேடியேட்டரைக் கிழித்தது. வண்டி ஒரு குதி குதித்து நின்றது.

பாபி கத்தவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. இடது தொடை எலும்பு உடைந்துவிட்டது. அப்புறம் வந்தது அந்தச் சத்தம். அதை நான் எழுத மாட்டேன்.

எந்த ஆம்புலன்ஸில் ஏற மாட்டேன் என்றாரோ அதில்தான் ஏற்றினோம். பானெட்டைத் திறந்து பார்த்தபோது வலது பக்கத் தோல் ஊறிய அப்பளம் மாதிரி பிதுங்கி வெளியே தொங்கியது. பாய் மழையில் நின்று அதைப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது, அவர் மேலா, தோல் கொடுத்த ஷெட்காரன் மேலா, பாபி மேலா, மேலே இருக்கிறவர் மேலா என்று புரியாத கோபம். எங்கள் சபையில் இதற்கெல்லாம் ஒரு நோக்கம் உண்டு என்று பாதிரி ஐயர் சொல்லுவார். அந்த வாரம் நான் கோயிலுக்குப் போகவில்லை.

எலும்பைச் சேர்க்க உடம்பு தாங்காது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கரண்டும் நின்றது. பாபி மறுபடி எழுந்திருக்கவே இல்லை. உயிர் பிரிந்து மவுத்தானபோது நான் பக்கத்தில் இல்லை. மெட்ராஸ் பார்சல் ஏற்கெனவே வந்து, பிரிக்காமல் என் வீட்டில் கிடந்தது.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்த பிறகு பாய் கூப்பிட்டனுப்பினார். வண்டியை வாசலில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். "அந்த ரப்பர் வந்துச்சாமே. எடுத்துக்கினு வந்து மாட்டு" என்றார்.

"இப்ப எதுக்கு பாய்?"

"மாட்டுடா."

ரேடியேட்டரைச் சரி பண்ணி எடுத்துவந்தேன். ஒரிஜினல் ரப்பரைப் போட்டேன். தோல் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அன்றைக்கு முக்காலி போட்டு உட்காரவும் இல்லை, எதையும் சொல்லவும் இல்லை. கதவோரம் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் இறுக்கி ஸ்டார்ட் செய்தேன். இன்ஜின் ஓடுகிறதா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு வண்டி அமைதியாக நின்றது. என் வாழ்நாளில் இதைவிட நன்றாக ஒரு மவுண்டிங் நான் போட்டதில்லை. யாருக்கு வேண்டும் அது?

பாய் பின் கதவைத் திறந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி, பாபி படுத்த மாதிரியே முழங்காலை மடக்கிப் படுத்தார். கன்னத்தைச் சீட்டில் வைத்தார். கை கால்தான் மரத்திருந்தது, கன்னத்துக்கு இன்னும் உணர்ச்சி இருந்தது.

"சகாயம்."

"சொல்லுங்க பாய்."

"அவ தூங்கல, இல்ல?"

கண்ணாடியில் அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தூங்கினாங்க பாய், நல்லாத் தூங்கினாங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இல்ல பாய்" என்றேன்.

அவர் முகத்தைச் சீட்டுக்குள் புதைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அழுகை கேட்க ஆரம்பித்தது. இன்ஜினில் சத்தமே இல்லாததால் நன்றாகக் கேட்டது. சமையல்கட்டு ஜன்னலில் மருமகள் எட்டிப் பார்த்தாள், எதிர் வீட்டில் யாரோ வாசலுக்கு வந்தார்கள். நான் கியரை நியூட்ரலில் வைத்து, அவர் அழுது முடிக்கும்வரை ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தேன்.